முதல் புரோகிராமை நோட்டில் எழுதுங்க

(காரைக்காலில் கல்லூரியில் சேரவிருக்கும் மாணவர்கள், பெற்றோரிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்லூரி திறக்கப் போகிற நேரம். பல வீடுகளில் ஓடுகிற பேச்சு இதுதான்: "பிள்ளைக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைச்சிருக்கு. ஆனா லேப்டாப் இல்லை, இங்கிலீஷும் தடுமாறுது. முதல் செமஸ்டர்லயே புரோகிராமிங் பேப்பர் அரியர் ஆயிடுமோ?" நான் படித்தது இதழியல். செய்தித் துறையில் எழுதுவதுதான் என் வேலை. அதனால் பாடம் நடத்த வரலை. அந்த முதல் பேப்பர்ல என்ன இருக்கு, கையில் இருக்கிற போனை வைச்சு அதை எப்படி முன்கூட்டியே பழகலாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

திருவேட்டக்குடி என்.ஐ.டி.யோ, நெடுங்காடு பெருந்தலைவர் காமராஜர் பொறியியல் கல்லூரியோ, வேறு எந்தக் கல்லூரியோ, கம்ப்யூட்டர் பிரிவு என்றால் ஆரம்பத்தில் கற்க வேண்டியது ஒன்றேதான். ஒரு வேலையைப் படிப்படியாகப் பிரித்து, சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதணும். அந்தப் படிகளுக்குப் பெயர்தான் அல்காரிதம். பைத்தான், சி எல்லாம் அதற்கு அப்புறம் வருகிற மொழிகள்.

மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் என்.பி.டி.இ.எல். வழங்கும் 8 வாரப் படிப்பு ஒன்று உண்டு. சென்னை கணிதவியல் கழகப் பேராசிரியர் மாதவன் முகுந்த் பைத்தான் வழியாக புரோகிராமிங்கும் அல்காரிதமும் நடத்துகிறார். அவர் எதில் ஆரம்பிக்கிறார் தெரியுமா? பள்ளியில் நாம் போட்ட மீப்பெரு பொது வகுத்தியில். பைத்தானை எப்படி இறக்குவது என்பதே அதற்குப் பிறகுதான் வருகிறது.

நாமும் ஒன்று போட்டுப் பார்ப்போம். 420 செ.மீ. நீளம், 300 செ.மீ. அகலத்தில் ஒரு அறை. வெட்டாமல் முழுசா பதிக்கிற மாதிரி மிகப் பெரிய சதுர டைல்ஸ் என்ன அளவு? 300-ல் தொடங்கி 299, 298 என்று ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தால் 241-வது முயற்சியில் விடை கிடைக்கும். யூக்ளிட் வழியில் போனால், 420-ஐ 300-ஆல் வகுக்க மீதி 120. 300-ஐ 120-ஆல் வகுக்க மீதி 60. 120-ஐ 60-ஆல் வகுக்க மீதி 0. விடை 60 செ.மீ. மூன்றே படி. இரண்டு வழியும் சரிதான், ஆனா இரண்டும் ஒன்றில்லை. இந்த வித்தியாசத்தை அளக்கத்தான் அல்காரிதம் என்று தனிப் பாடமே இருக்கு. இதில் இங்கிலீஷ் எங்கேயாவது இடித்ததா?

அடுத்து வருவதுதான் நிறைய பேர் சறுக்குகிற இடம். ஒரு விசைப்படகு பலமுறை கடலுக்குப் போய் வந்த கணக்கைக் கொடுத்து, எந்த முறை அதிக லாபம் என்று கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள். வழி சுலபம். 'இதுவரை பெரியது' என்று ஒரு இடம் ஒதுக்கி, அதில் 0 போட்டுட்டு, ஒவ்வொரு எண்ணாகப் பார்த்து, பெரிசா வந்தா மாத்திக்கணும். 12,000, 7,000, 18,500 கொடுத்தால் 18,500 என்று சரியாகச் சொல்லும். லேப் ரெக்கார்டில் கையெழுத்தும் வாங்கிடலாம்.

மீன்பாடு இல்லாத மாசம் வருது. மூன்று முறையும் நஷ்டம்: 4,000, 1,500, 6,000. இப்போது அதே புரோகிராம் என்ன சொல்லும்? எந்த நஷ்டமும் 0-வை விடப் பெரிசு இல்லை. அதனால் விடை 0. போகவே போகாத ஒரு நாளை 'நல்ல நாள்' என்று காட்டும். சிவப்பு எழுத்தில் எந்தப் பிழைச் செய்தியும் வராது. தொடக்கத்தில் 0 போடாமல், பட்டியலின் முதல் எண்ணைப் போட்டிருந்தால் 1,500 நஷ்டம்தான் இருப்பதிலேயே மேல் என்று சரியாக வந்திருக்கும்.

இது தேர்வு மார்க்கோடு முடிகிற விஷயமில்லை. 60 வயது நிரம்பியவருக்கு ஒரு உதவித்தொகை என்று வைச்சுக்குவோம். புரோகிராம் எழுதுகிறவர் '60 அல்லது அதற்கு மேல்' என்பதற்குப் பதில் '60-க்கு மேல்' என்று எழுதிட்டா, தகுதி இருந்தும் ஒரு பாட்டி முழுசா ஒரு வருஷம் காத்திருக்கணும். திரையில் 'தகுதி இல்லை' என்று வந்தால், பாட்டி யாரிடம் போய்க் கேட்பாங்க? நாளைக்கு அந்த வரியை எழுதப் போவது இங்கே உட்கார்ந்திருக்கிற யாரோ ஒருவராக இருக்கலாம்.

"இப்பதான் ஏ.ஐ. எழுதித் தருதே" என்பீங்க. தரும். அது தருவது நஷ்ட மாசத்துக்கும் சரியா வருதா என்று பார்க்கிற கண் உங்களுக்கு வேணும். அதனால் புரோகிராமை மனப்பாடம் பண்ணாதீங்க. நோட்டில் கட்டம் போட்டு, ஒவ்வொரு படிக்கும் எந்த இடத்தில் என்ன எண் இருக்கு என்று எழுதுங்க. ஒரு எண் மட்டும் கொடுத்தா? எல்லாம் சமமா இருந்தா? பட்டியலே காலியா இருந்தா? இப்படி நீங்களே அதை மடக்கிப் பாருங்க.

ஸ்வயம் பாடங்களைப் பார்க்க கட்டணம் இல்லை. சான்றிதழ் வேணும்னா மட்டும் கட்டணம் செலுத்தி, மையத்துக்குப் போய்த் தேர்வு எழுதணும். அதில் எடுக்கும் கிரெடிட்டை உங்க கல்லூரி ஏற்குமா என்று சேருவதற்கு முன்பே துறையில் கேட்டுக்குங்க. என்.பி.டி.இ.எல். பல பாடங்களின் எழுத்து வடிவத்தைத் தமிழிலும் தருகிறது. பைத்தான் எழுதிப் பார்க்க ஆண்ட்ராய்டு போனில் பைட்ராய்டு 3 போதும். ஒவ்வொரு வரியாக என்ன நடக்குது என்று பார்க்க பைத்தான் டியூட்டர் தளம் இருக்கு. சின்னத் திரையில் நீளமான புரோகிராம் அடிப்பது சிரமம்தான், மறுக்கலை. ஆனா ஆரம்பப் பயிற்சிகள் பத்து வரியைத் தாண்டாது, மற்றதுக்கு கல்லூரி லேப் இருக்கு. கடன் வாங்கி லேப்டாப் எடுக்கிற பெற்றோர், ஒரு மாசம் பொறுத்து எடுக்கலாம் என்பது என் கருத்து.

கேள்விகளுக்குப் போறதுக்கு முன்னாடி, எல்லோரும் பேனா எடுங்க. 1071, 462. யூக்ளிட் வழியில் போட்டு, எத்தனை படியில் முடிஞ்சதுன்னு கை தூக்கிச் சொல்லுங்க. அம்மா அப்பாக்களும் போடலாம்.