ஒலிக்கோப்புகளும் கட்டற்ற இயங்குதளமும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எனக்கு அளிக்கப்பெற்ற தலைப்பு 'கணிப்பொறியும் நம் இளைஞர்களும்' என்பதாகும். அது நம் பழவேற்காட்டு ஏரியைப் போல் அகன்ற தலைப்பு. ஆகவே அதில் ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், நம் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில்தான் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பெற்றது. அந்நாளில் வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸ் இயங்குதளத்தோடு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. எவரும் விலையின்றிப் பெறலாம், உள்ளே பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்கும் தரலாம் என்னும் கட்டற்ற மென்பொருள் வகையைச் சேர்ந்தது அது. ஆனால் அதைத் திறந்து பார்த்த மாணவர் சிலரே. காரணம் கேட்டால், "லினக்ஸில் பாட்டுப் பாடாது ஐயா" என்பார்கள். இந்த ஒரு சொல்லுக்காக ஓர் இயங்குதளத்தையே ஒதுக்குவது எனக்கு உடன்பாடன்று. ஏன் பாடுவதில்லை என்று கேட்பதல்லவா கல்வி?

ஒலிக்கோப்பு என்பது பனிக்கட்டிப் பெட்டியில் அடைத்த மீனைப் போன்றது. பெட்டி வேறு, உள்ளே இருக்கும் சரக்கு வேறு. கோப்பின் பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகள் பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டே ஆகும். இறால் என்று சீட்டு ஒட்டிவிட்டால் உள்ளே உள்ள நண்டு இறாலாகிவிடுமா? பெயரை மாற்றிப் பார்த்துவிட்டுப் பாடவில்லையே என்று வருந்தும் தம்பிமார் இதனை நினைவிற் கொள்ள வேண்டும். உள்ளே ஒலி எம்முறையில் சுருக்கப்பட்டுள்ளதோ, அம்முறையை விரிக்கும் 'கோடெக்' என்னும் சிறு மென்பொருள் கணிப்பொறியில் இருந்தால்தான் பாட்டுக் கேட்கும்.

அந்தக் கோடெக்கை முன்னமே சேர்த்துத் தந்தால் என்ன? இங்கேதான் சட்டம் குறுக்கிட்டது. எம்பி3 முறை ஜெர்மனியின் பிரான்ஹோபர் ஆய்வு நிறுவனம் முதன்மைப் பங்கேற்று உருவாக்கியது. அதன்மீது காப்புரிமை இருந்தது. அம்முறையைக் கையாளும் மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் கேட்கப்பட்டது. இன்னார் பாடு என்று அறியாமல் ஏரியில் வலை விரிக்க முடியாதல்லவா, அதுபோல. விலையின்றிப் பரவும் மென்பொருளுக்கு எத்தனை படிகள் போயின என்று எவர் எண்ணுவார், எவர் கட்டணம் செலுத்துவார்? ஆகவே பெடோரா போன்ற சில லினக்ஸ் வெளியீடுகள் எம்பி3யை நெடுங்காலம் விலக்கியே வைத்திருந்தன. பெடோரா 2016இல்தான் அதைப் பாடவிட்டது. 2017 ஏப்ரலில் அந்த உரிமத் திட்டமே முடிவுற்றது. திறமைக் குறைவால் வந்த தடையன்று அது.

மாற்று வழிகளையும் கட்டற்ற மென்பொருளாளர்களே கண்டனர். ஆக் வார்பிஸ், பிளாக் ஆகிய கட்டணமற்ற ஒலிமுறைகள் வந்தன. பிரான்சு நாட்டுக் கல்லூரி ஒன்றின் மாணவர்கள் தொடங்கிய வி.எல்.சி. என்னும் இயக்கி, தேவையான கோடெக்குகளைப் பெரும்பாலும் தன்னுடனேயே கொண்டு வருகிறது. 2001 முதல் அது கட்டற்ற மென்பொருள். மாணவர்கள் செய்தது என்பதை நம் மாணவர்கள் கவனிக்க வேண்டுகிறேன். அதில் கருவிகள் என்னும் பட்டியலில் கோடெக் விவரம் பார்க்கலாம். பெட்டிக்குள் இருப்பது நண்டா இறாலா என்று அது சொல்லிவிடும்.

இனி, நான் இதைப் பேசவந்த காரணத்தைக் கூறுகிறேன். ஏரிக்கரை ஊர் ஒன்றில், இடுப்பளவு நீரில் கையால் தடவி இறால் பிடித்து வாழ்ந்த மூதாட்டி ஒருவர் காலமானார். ஒப்பாரியிலும் தாலாட்டிலும் அவருக்கு நிகர் அவ்வூரில் இல்லை. அவர் பாட்டைப் பேரன் ஒரு பழைய கைபேசியில் பதிந்திருந்தான். கைபேசி பழுதாயிற்று, அட்டை மட்டும் எஞ்சியது. அதை ஒரு மடிக்கணினியில் செருகியபோது உடனிருந்த இசைப்பான் அந்தக் கோப்பைத் திறக்கவில்லை. "பாட்டி குரல் போய்விட்டது ஐயா" என்று பையன் என்னிடம் வந்து நின்றான். கோப்பு ஏ.எம்.ஆர். வகையைச் சேர்ந்தது. வி.எல்.சி.யை நிறுவியதும் குரல் கேட்டது. பையனின் தாயார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

எனினும் குரலில் ஒரு மங்கல் இருந்தது. பழைய கைபேசிகளின் ஏ.எம்.ஆர். பேச்சுக்கென்று அமைந்த முறை. குறுந்தகடு ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து பதிகிறது என்றால், இது 8,000 முறையே அளக்கிறது. பேச்சு புரியும், பறையின் அதிர்வும் பாட்டின் கூர்மையும் மழுங்கும். இன்று எந்த முறைக்கு மாற்றினாலும் இழந்தது திரும்பாது. ஆகவே இனிப் பதியும்போது தொடக்கத்திலேயே பிளாக் அல்லது சுருக்கமில்லாத வேவ் முறையில் பதியுங்கள். பழைய கோப்பை எப்.எப்.எம்பெக் என்னும் கட்டற்ற கருவியால் மாற்றலாம். ஆனால் மூலக்கோப்பை அழிக்காதீர்கள். சுருக்கியதை எம்பி3 போன்ற முறையில் மீண்டும் சுருக்கினால் ஒவ்வொரு முறையும் சிறிது ஒலி போகும். விற்பவரே பூட்டிட்டு விற்கும் பாட்டுகளும் உண்டு. அவை கோடெக்கால் திறப்பவையல்ல. பூட்டில்லாத கோப்பையே கேட்டு வாங்குங்கள்.

நம் ஊர்களில் இணையம் விட்டுவிட்டு வருகிறது என்பர். ஒருவர் பொன்னேரிக்குச் செல்லும்போது வி.எல்.சி.யையும் அதற்கு வேண்டிய துணைப் பொதிகளையும் விரற்கட்டை நினைவகத்தில் இறக்கி வந்தால், அதே வெளியீட்டு லினக்ஸ் உள்ள எல்லா வீடுகளுக்கும் போதும். படியெடுப்பதை எவரும் திருட்டென்று கூற முடியாது.

வீட்டிலுள்ள பழைய நினைவக அட்டைகளைச் சங்க நூலகத்திற்குக் கொண்டு வாருங்கள். அங்கே ஒரு குறிப்பேடு வைக்கச் செயலாளரைக் கேட்டுக்கொண்டுள்ளேன். பாடியவர் பெயர், ஊர், பதிந்த ஆண்டு, எந்தச் சடங்கில் பாடப்படுவது என்னும் நான்கையும் கோப்பைத் திறக்குமுன்பே அதில் எழுதிவிடுங்கள். பாடியவர் இருந்தால், பிறருக்குக் கொடுக்க அவர் இசைகிறாரா என்பதையும் கேட்டு எழுதுங்கள்.