பிறவிப் பல்லும் பதித்த பல்லும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



தமிழாசிரியனாகிய யான் பல்லைப்பற்றிப் பேச எழுந்தமை உங்களிற் சிலர்க்கு வியப்பாயிருக்கலாம். ஆயினும் பல்லுக்கும் தமிழுக்கும் தொடர்பு உண்டு. எழுத்துக்கள் பிறக்குமாற்றைக் கூறப் புகுந்த தொல்காப்பியனார், தலை, மிடறு, நெஞ்சு, இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றோடு பல்லையும் சேர்த்து எண்ணினார். தகர நகரங்கள் மேற்பல்லின் அடியை நா பொருந்தப் பிறப்பன. வகரம் மேற்பல்லும் கீழிதழும் இயையப் பிறப்பது. ஆதலின், பல்லுப் போனாற் சொல்லுப் போம் என்று உலகத்தார் கூறுவது வெறுங் கேலியன்று.

சென்ற ஆண்டில் என் கடைவாய்ப்பல் ஒன்று இரவெல்லாம் நொந்தது. ஒரு வைத்தியசாலைக்குச் சென்றேன். வாயைப் பார்த்த சிறுபொழுதிற்குள், அதனைப் பிடுங்கிவிட்டு 'இம்ப்ளாண்ட்' என்னும் செயற்கைப் பல்லைப் பதித்துக்கொண்டால் தொல்லை தீரும் என்றார்கள். வலி போனாற் போதுமென்றிருந்த யானும் இசைந்தேன். பணம் திரட்டுதற்காக ஒரு வாரம் தாழ்த்ததே எனக்கு நன்மையாயிற்று. அதற்குள் வேறொரு மருத்துவர் எக்ஸ்ரே படம் எடுத்து நோக்கி, வேரும் எலும்பும் உறுதியாயிருக்கின்றன என்றும், பல்லினுள் இருக்கும் கூழே கெட்டது என்றும் கூறினார். 'ரூட் கெனால்' என்னும் வேர்க்குழாய்ச் சிகிச்சை செய்து மேலே உறையிட்டார். இன்றும் அப்பல்லாலேயே முறுக்குக் கடிக்கின்றேன்.

என் தமக்கையார் செய்தி இதற்கு மறுதலையானது. அவருடைய பல் ஒன்றின் வேர் நெடுக்கே பிளந்திருந்தது. அதனைக் காத்தல் இயலாது, எடுத்துவிடுக என மருத்துவர் கூறியும், அச்சத்தால் ஓராண்டுக்கு மேல் வைத்திருந்தார். சீழ் கட்டிச் சுற்றியிருந்த எலும்பையும் அரித்துவிட்டது. பின்னர்ப் பல்லை எடுத்ததோடு, எலும்புத்தூள் இட்டு நிரப்பிப் பல மாதம் காத்திருந்த பின்னரே செயற்கைப் பல் பதிக்க முடிந்தது. யான் விரைந்து இழக்க இருந்தேன். அவர் தாழ்த்து இழந்தார். இவ்விரு பிழையும் நம்மவர் வீடுகளில் நிகழாமைப் பொருட்டே இன்று பேசுகின்றேன்.

செயற்கைப் பல்லை இகழ்வது என் கருத்தன்று. சுவீடன் தேசத்துப் பேராசிரியர் பிரோனமார்க் என்பார், 1952-ஆம் ஆண்டளவில் முயலின் எலும்பை ஆராயுங்கால், அதனுட் செலுத்திய டைட்டேனியம் என்னும் உலோகம் எலும்போடு பிரிக்கலாகாதபடி இணைந்திருக்கக் கண்டார். 1965-ஆம் ஆண்டில் அம்முறையால் ஒரு மனிதருக்குப் பல் பதித்தார். தாடையெலும்பில் டைட்டேனியத் திருகு ஒன்றைப் பதித்து, பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதம் வரையில் எலும்பு பற்றிக்கொள்ள விட்டுப் பின்னர் அதன்மேற் பல்லைப் பொருத்துவர். தகுந்தார்க்குத் தக்கபடி செய்யப்பெற்றவற்றுள் 10 ஆண்டு கடந்தும் 100-க்கு 90-க்கு மேற்பட்டவை நிலைத்திருக்கின்றன. பல் இழந்தார்க்கு இது பெரியதோர் உதவியே. பக்கத்துப் பற்களை அராவிப் பாலம் கட்டவேண்டிய தேவையும் இதனால் இல்லையாகின்றது.

எனினும், பிறவிப் பல்லிற்கு உள்ள ஒரு சிறப்பு இதற்கில்லை. வேருக்கும் எலும்புக்கும் இடையே மெல்லிய நார்ப்படலம் ஒன்று உளது. கடிக்கும் அதிர்ச்சியைத் தாங்குவதும், சோற்றிற் கிடக்கும் சிறு கல்லை உடனே உணர்த்துவதும் அதுவே. பல்லைப் பிடுங்கினால் அப்படலமும் போம், மீளாது. மேலும், உலோகத்தைப் புழு அரியாது என்று கருதித் துலக்காது விட்டால், சுற்றியுள்ள ஈறு புண்ணாகி எலும்பு கரைந்து, பதித்த பல்லும் ஆடி விழும். புகைபிடிப்பார்க்கும், நீரிழிவை அடக்காதார்க்கும் இவ்விடர் மிகுதி. தாடை வளர்ச்சி முற்றாத சிறுவர்க்கு இதனைப் பதித்தல் ஆகாது. எலும்புத் தேய்வுக்கு மருந்துண்பார் அதனை மருத்துவர்க்கு முன்னரே அறிவித்தல் வேண்டும்.

ஆகவே, பல்லைப் பிடுங்குக என ஒருவர் கூறின், மூன்று வினாக்களை வினவுங்கள். வேர் பிளந்துளதோ? பல்லைத் தாங்கும் எலும்பு எவ்வளவு எஞ்சியுளது? உறையிடுதற்குப் போதிய பல் ஈற்றுக்கு மேலே நிற்கின்றதோ? வேர் முழுமையாய், எலும்பு உறுதியாய், மேற்பகுதியும் போதியதாய் இருப்பின், காக்கும் வழியை முதலில் நாடுக. இவை கெட்டுவிட்டன எனத் தெளிவாயின், வீணே தாழ்க்காது எடுத்துவிடுக. ஐயம் நீங்காவிடின், எக்ஸ்ரே படத்தைக் கையிற்கொண்டு மற்றொரு மருத்துவரையும் காண்க. அரசினர் பல்மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் அதற்கு ஏற்ற இடமே. இதில் நாணுதற்கு ஒன்றுமில்லை. நிலம் வாங்குங்கால் பத்திரத்தை இருவரிடம் காட்டும் நாம், பல்லை இழக்குங்கால் ஒருவர் சொல்லோடு அமைவது என்னை?

நம் சங்கத்தார்க்கு விண்ணப்பம் ஒன்றுண்டு. செயற்கைப் பல்லுக்கென உதவிநிதியிற் கடன் கேட்போரிடம், இரண்டாம் மருத்துவர் கருத்தையும் பெற்று வருமாறு அன்போடு சொல்லுங்கள். நம் மாணவர் விடுதிப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை பற்சோதனை நடத்துங்கள். சிறு சொத்தையை அன்றே அடைத்தற்கு ஆகும் செலவு சிறிது. விட்டுவிட்டுப் பின்னர்ப் பல்லைப் பதித்தற்கு ஆகும் செலவோ பெரிது. ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் கொண்டு துலக்கிய முன்னோர் வழிவந்த நாம், காலையும் இரவும் இருபோதும் பல்துலக்கும் வழக்கத்தைப் பிள்ளைகட்குக் கற்பிப்போமாக.