அச்சமும் பக்தியும்

(கும்பாபிஷேக விழாவில் நிகழ்ந்த சொற்பொழிவு)



குடமுழுக்கு நடைபெறும் நன்னாளில் பேயையும் பில்லி சூனியத்தையும் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் ஐயுறலாம். பொருந்தும். எதனை வாயிலிலேயே விட்டுச் செல்லவேண்டும் என்று அறிந்தவர்க்கே, ஆலயத்தினுள் எதனைப் பெறவேண்டும் என்பது விளங்கும்.

இந்நீலகிரியின் வரலாற்றிலேயே இதற்குச் சான்று உண்டு. மலைச்சரிவின் காடுகளில் வாழும் குறும்பர்கள் தேனெடுப்பதிலும் மூலிகை அறிவிலும் வல்லவர்கள். முற்காலத்தில் மேல்மலைச் சிற்றூர்களில் முதல் விதை தூவுவதற்குக் குறும்பர் கையே ராசியான கை என்று கருதி, அவரை வருந்தி அழைத்தனர். ஆனால் அதே ஊரில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டாலும், கறவை எருமை மடிந்தாலும், ‘குறும்பன் வைத்த சூனியம்’ என்று நடுங்கினர். அச்சம் சினமாயிற்று, சினம் கொலையாயிற்று. 1835-ஆம் ஆண்டில் மட்டும் 48 குறும்பர்கள் கொல்லப்பட்டனர் என்று, 1909-இல் வெளியான தம் நூலில் எட்கார் தர்ஸ்டன் பதிவு செய்துள்ளார். 1900-ஆம் ஆண்டில் ஒரு குறும்பர் குடும்பமே அழிக்கப்பட்டது. அதன் தலைவர் வைத்தியர் எனப் பெயர் பெற்றவர். சுற்றுவட்டாரத்தின் அனுதாபம் கொன்றவர் பக்கமே இருந்தது; குற்றம் சாட்டப்பட்டோர் விடுதலையாயினர். விதைத்த கைக்குக் கிடைத்த கூலி இது!

இனி, இதே மலையில் நிகழ்ந்த மற்றொன்று. 1901-02-இல் ரிவர்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ அறிஞர், தோடர்களின் வழிபாட்டு முறைகளை ஆராய வந்தார். பிறர் அறியாத சடங்குகளையும் புனித இடங்களையும் அவருக்குக் காட்டியவர்களுள் ஒருவர் நோயுற்றார். ஒருவர் மனைவியை இழந்தார். ஒருவருடைய ஊரில், எருமைப்பால் கடையும் புனிதக் குடில் தீக்கிரையாயிற்று. மறைபொருளை வெளியிட்டதால் நேர்ந்த தெய்வக் குற்றமே இது என்று குறி சொல்வோர் கூறினர். அதன்பின் அவரிடம் வாய் திறப்பார் அருகினர். ரிவர்ஸ் அவர்களை எள்ளி நகையாடவில்லை. நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே, 1906-இல் வெளியிட்ட தம் நூலில் எழுதி வைத்தார்.

இவ்விடத்தில் பகுத்தறிவாளர் எழுப்பும் வினா நேர்மையானது. துன்புற்ற மூவரை எண்ணினீர்கள். துன்பம் வாராதவர்களை எண்ணினீர்களா? இரகசியம் வெளிவராத ஆண்டுகளில் நோயும் தீயும் இம்மலைக்கு வரவில்லையா? அச்சடங்குகள் நூலாகி உலகெங்கும் பரவின. அன்று ஏறத்தாழ 800 பேராக இருந்த தோடர்கள், இடையில் நோயினால் மிகக் குறைந்தும், மருத்துவத்தின் துணையால் மீண்டு, இன்று அத்தொகையினும் பெருகி வாழ்கின்றனர். இவ்வினாவைக் கேட்டுப் பக்தர்கள் வெகுள வேண்டுவதில்லை. அது பழியற்றவர் உயிரைக் காக்கும் வினா.

ஆயினும் கணக்கு மட்டும் கொண்டு மனம் ஆறுவதில்லை. நள்ளிரவில் நோயுற்ற மகவின் அருகே விழித்திருக்கும் தாய்க்கு, ‘எவரும் சூனியம் வைக்கவில்லை’ என்பது பாதி ஆறுதலே. ‘நீ தனித்திருக்கவில்லை’ என்பது மறுபாதி. அதனை அருளுவது பக்தி.

திருமறைக்காட்டிலிருந்து ஞானசம்பந்தர் மதுரைக்குப் புறப்பட்டபோது, கோள்நிலை நன்றாக இல்லை என்று தடுத்தவர் வேறு எவருமல்லர், அப்பர் பெருமானே. அன்பினால் எழுந்த அச்சம் அது. கோள்கள் இல்லையென்று சம்பந்தர் வாதிடவில்லை, அப்பரை இகழவுமில்லை. இறைவன் துணையிருக்க அவை தீங்கு செய்யா என்ற துணிவோடு கோளறு பதிகம் பாடினார், புறப்பட்டுச் சென்றார்.

உதகை மாரியம்மன் கோயிலில் காட்டேரியம்மனும் வழிபடப் பெறுகிறாள். காட்டேரி என்ற பெயரைக் கேட்டாலே பல ஊர்களில் பிள்ளைகள் அஞ்சுவர். இங்கோ அவள் அன்னை! அஞ்சியதைத் தாயாகக் காண்பதற்கு மக்களுக்குக் கற்பித்தது அன்பு.

எனவே, அன்பர்களே, நம்பிக்கையை உரைத்துப் பார்க்க ஓர் உரைகல் உண்டு. நெஞ்சில் நடுக்கத்தை வளர்த்து, அயலான்மேல் பழி சுமத்தச் செய்வது எதுவோ, அது சந்நிதிக்குப் புறம்பானது. அச்சத்தைத் தணித்து, அயலானையும் அரவணைக்கச் செய்வதே பக்தி. கருவறையில் தெய்வத்தின் அபயக் கரம் சொல்வது ‘அஞ்சேல்’ என்னும் ஒரு சொல்லே. அதனைக் கேட்டு இல்லம் திரும்புவோர், பிறர் எவரும் தம்மைக் கண்டு அஞ்சாதபடியும் வாழ்வாராக!