கல்லைக் காணும் கண்



‘கல்’ என்னும் சொல் தமிழில் பெயராகவும் நிற்கும்; ‘கற்பாயாக’ என ஏவும் வினையாகவும் நிற்கும். இரண்டும் ஒரு வேரினவா என்பதை மொழிநூலார் ஆராயட்டும். மனிதன் முதன்முதலில் கற்ற பாடங்களுள் ஒன்று கல்லைப் பற்றியது என்பதில் ஐயமில்லை.

1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், பல்லாவரத்தில் இராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலவியலாளர் ஒரு கைக்கோடரியைக் கண்டெடுத்தார். வழிப்போக்கர் கண்ணுக்கு அது வெறுங்கல். அவர் கண்ணுக்கோ, மனிதக் கை தட்டிய தழும்புகள் தெரிந்தன. அவ்வாண்டே அத்திரம்பாக்கத்திலும் அத்தகைய கருவிகள் கிடைத்தன. அங்கு அகழ்ந்த சாந்தி பப்பு குழுவினர், கைக்கோடரிகளின் தொன்மை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் என 2011இல் வெளியிட்டனர். ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே செய்முறை மாறியதை 2018இல் எடுத்துரைத்தனர்.

அம்மாற்றம் எத்தகையது? முன்னவர் கூழாங்கல்லை மற்றொரு கல்லால் தட்டிச் செதில்களை நீக்கினர். எஞ்சிய கல்லே கருவி. பின்னவர் கல்லின் முகத்தை முதலில் செப்பம் செய்து, வேண்டிய வடிவில் ஒரு செதிலைப் பெயர்த்தனர். பெயர்ந்த செதிலே கருவி. இங்கே அடி விழுமுன்பே வடிவம் மனத்தில் நின்றாக வேண்டும்.

கல்லின் இயல்பு மாறினால் கைவினையும் மாறும். வடதுருவப் பனிநிலத்து இனுவிட் மக்களின் முன்னோர், தகடு தகடாகப் பிளவுபடும் சிலேட்டுக் கல்லை அறுத்தும் தேய்த்தும் தீட்டியும் கத்தி செய்தனர். பிறை வடிவான ‘உலு’ என்னும் மகளிர் கத்தி அவ்வாறு அமைந்தது. தோல் சுரண்டவும் இறைச்சி அரியவும் அது பயன்பட்டது. தமிழகத்துப் புதிய கற்கால மாந்தரும் கோடரிகளைத் தேய்த்து வழவழப்பாக்கினர். சேர்வராயன் மலையூர்களில் அக்கோடரிகள் தெய்வமாக வழிபடப்பெற்றதும் உண்டு.

இனித் தேனிக்கு வருவோம். 2006இல் ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில், வைகைக் கரையருகே, தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தமிழி எழுத்துடைய மூன்று நடுகற்களைக் கண்டறிந்தனர். ஒன்றில் ‘ஆகோள்’ என்னும் சொல்லும் ‘கூடல்ஊர்’ என்னும் பெயரும் உள்ளன. கம்பத்தை அடுத்த கூடலூர் நினைவுக்கு வருவது இயல்பே. ஏட்டில் மட்டும் அறியப்பட்ட ஆகோள், இம்மண்ணின் கல்லிலும் நின்றது. ஒரு வீரனின் நினைவு ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் பிழைத்தது.

நடுகல் எடுக்கும் முறைகளுள் தொல்காப்பியம் முதலில் வைப்பது ‘காட்சி’. பொருத்தமான கல்லைத் தேர்ந்து காண்பதே அது. கருவி செய்தவனின் முதற்செயலும் அதுவே. தெருத்தெருவாக வந்து அம்மி கொத்தியவரும் உளி எங்கே இறங்க வேண்டும் என்பதைக் கண்டே கொத்தினார். மின்னரைவை வந்தபின் அக்குரல் அருகிவிட்டது, அக்கண்ணும் அருகிவருகிறது.

கண் மறைந்தால் கல்லும் மறையும். பழங்கருவி சல்லியாகும், நடுகல் வாய்க்காலின் படியாகும். கிடந்த இடத்திலிருந்து பெயர்க்கப்பட்ட கருவி, தன் காலத்தைச் சொல்லும் மண்ணடுக்கை இழக்கிறது. சீர் பிரித்து இடம் மாற்றிய சொல் பாட்டின் பொருளை இழப்பது போல.

ஆகவே, இவ்வட்டாரக் கவிஞர்கள் வயல்வெளியிலும் ஆற்றங்கரையிலும் கற்களைக் கூர்ந்து காண்பார்களாக. தழும்போ எழுத்தோ தென்பட்டால், எடுக்காமல் இடங்குறித்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவிப்பார்களாக. அடுத்த நடுகல் எந்த வரப்பிலும் கிடக்கலாம். அதைக் காணும் கண் இருத்தல் வேண்டும்.