காயாவின் புதிய உறவு



திருநெல்வேலிச் சீமையின் முண்டந்துறைக் காட்டில் வளரும் தாவர இனம் ஒன்று, 2008-ஆம் ஆண்டில் உலகுக்குப் புதிதென்று அறிவிக்கப்பெற்றது. 'மெமிசைலான் முண்டந்துறையானம்' என்பது அதற்குச் சூட்டிய பெயர். பெயரின் பிற்பாதி நம் ஊரின் பெயர். முற்பாதி கிரேக்கச் சொல்லொன்றை ஒட்டி லின்னேயஸ் என்ற சுவீடன் நாட்டு அறிஞர் 1753-இல் ஒரு பேரினத்துக்கு வழங்கியது. வாயில் நுழையாத பெயர் என்று அஞ்ச வேண்டா. அந்தப் பேரினத்தில் நமக்கு நெடுநாளாக அறிமுகமான இனம் ஒன்று உண்டு. அதுதான் காயா.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் 99 மலர்களுள் காயாவும் ஒன்று. திருமாலின் திருமேனிக்கு உவமை தேடிய அடியார்கள் இந்தப் பூவின் நிறத்தைத்தான் நாடினர். நான் வாழும் திருவிடந்தையில் நித்திய கல்யாணப் பெருமாளைச் சேவிக்க வருவோரில் பலர் 'காயாம்பூ வண்ணா' என்று உருகுவதைக் கேட்கிறேன். காயாம்பூவைக் கண்ணால் கண்டவர் அவருள் எத்தனை பேரோ!

பிறரைச் சொல்வானேன்? நானே காணாதவனாகத்தான் இருந்தேன். 1994-ஆம் ஆண்டு, மாசி மாதம் என்று நினைவு. இக்கடற்கரையிலுள்ள ஒரு பள்ளியில் தமிழாசிரியனாக இருந்தேன். வகுப்பில் காயா என்ற சொல் வந்தபோது, "ஒருவகை நீல மலர்" என்று உரைநூல் சொல்வதையே சொல்லி மேலே சென்றேன். "எங்கே பூக்கும், ஐயா?" என்று ஒரு மாணவன் கேட்டான். "காட்டில் பூக்கும், உட்கார்" என்றேன். அவன் ஆடு மேய்ப்பவர் வீட்டுப் பிள்ளை. மறுநாள் ஒரு கிளையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். இலைக்கக்கங்களிலும், இலை உதிர்ந்த பழைய கணுக்களிலும், கிளையையே மறைத்துவிடும்படி சிறு சிறு நீலக் கொத்துகள். "இதைக் காசான் என்போம், ஐயா. எங்கள் பாட்டிதான் காயாவும் இதுவே என்றாள். பள்ளிக்குப் பின்னாலேயே நிற்கிறது" என்றான். கரும்பலகையைச் சுட்டிக்காட்ட நான் கையில் வைத்திருந்த கோலும் அந்தக் காசானில் வெட்டியதுதான் என்பதையும் அவனே சொன்னான். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன்.

ஆகவே 'புதிய இனம்' என்ற சொல்லை நாம் நிதானமாகப் பொருள்கொள்ள வேண்டும். செடி நேற்று முளைத்ததன்று. அதற்குப் பொருந்தும் வருணனை எந்த நூலிலும் இல்லை என்பதே பொருள். அதைத் தேர்ந்து சொல்வது எளிய வேலையா? காயாவின் சுற்றத்தையே பாருங்கள். எல்லாம் புதர்கள், அல்லது சிறு மரங்கள். இலைகள் எதிரெதிரே நிற்கும்; பூவிதழ் நான்கு; மகரந்தத் தாள்கள் எட்டு; உருண்ட கனியின் உச்சியில் புல்லிவட்டத்தின் விளிம்பு சிறு முடிபோல் எஞ்சியிருக்கும். குடும்ப முகம் ஒன்றாயிருக்க, இலைக்காம்பின் நீளம், பூங்கொத்துக்குத் தண்டு உண்டா இல்லையா, புல்லியின் வடிவம், கனியின் உருவம் என்ற நுட்பங்களில்தான் ஓரினம் மற்றதினின்று பிரியும். ஒவ்வொன்றையும் அளந்து, பழைய வருணனைகளோடும் உலர்த்தி வைத்த கிளைகளோடும் ஒப்பிட்ட பின்னரே புதிதென்று சொல்ல வாய் திறக்கலாம்.

சொல்லும் முறைக்கும் சட்டம் உண்டு. 1935 முதல் இலத்தீனில் வருணிக்க வேண்டுமென்று இருந்தது. 2012 முதல் ஆங்கிலத்திலும் எழுதலாம் என்று தளர்த்தினர். 1958 முதல், பெயர் எந்தக் கிளையைச் சார்ந்ததோ அந்த மூலமாதிரியைக் குறித்தே ஆக வேண்டும். பின்னாளில் ஐயம் எழுந்தால் அந்தத் தாளே சான்று. இத்தகைய தாள்கள் கோயம்புத்தூரில், 'மெட்ராஸ் ஹெர்பேரியம்' என்ற பழம்பெயர் மாறாத களஞ்சியத்தில் அடுக்கடுக்காக உள்ளன.

நம் கடற்கரைச் செடிகளை இவ்வாறு எழுதியவர்கள் பலர். தரங்கம்பாடிக்கு 1776-இல் வந்து, 1836-இல் சென்னையில் மறைந்த பாதிரியார் ராட்லர் தமிழுக்கு அகராதி தொகுத்தார், செடிகளையும் தொகுத்தார். ஒருவரே இரண்டையும் செய்தது தமிழாசிரியனாகிய எனக்குப் பொறாமையூட்டும் செய்தி. ராக்ஸ்பரோ, 1795-இல் வெளிவரத் தொடங்கிய தம் சோழமண்டலக் கரைத் தாவர நூலில், காயா ஒன்றுக்கு 'எடூலி' என்று பெயரிட்டார். உண்ணத்தக்கது என்பது பொருள். அதன் கனியை நம் சிறுவர் தின்பதைப் பார்த்துத்தான் இட்டாரோ என்னவோ! சாயவேரால் துணிக்குச் செந்நிறம் ஏற்றியவர்களும் காசா இலையைச் சேர்த்துக் கொண்டனர். அலுமினியத்தை மண்ணிலிருந்து உறிஞ்சி இலையில் சேர்க்கும் இயல்பு இச்செடிக்கு உண்டு. சாயம் துணியைப் பற்றிக்கொள்ள அது உதவியது. வேதியியல் பெயர் அறியாமலே சாயக்காரர் அதைக் கண்டுபிடித்திருந்தனர்.

காயா வளரும் இக்கடற்கரைக் காடு, உலர்ந்த மண்ணிலும் ஆண்டு முழுவதும் பசுமை மாறாதது. இன்று அது கோயில் காடுகளிலும் ஒதுக்குப்புறங்களிலும் துண்டு துண்டாகவே மிஞ்சியுள்ளது. விறகுக்கென்று வந்த சவுக்குத் தோப்புகள் ஒரு பகுதியைக் கொண்டன. மனைகள் மற்றொரு பகுதியை. எங்கள் பள்ளிக்குப் பின்னிருந்த புதர்க்காடும் அவ்வாறே போயிற்று. நான் ஓய்வு பெறும்போது அங்கே எல்லைக் கற்கள் நட்டிருந்தார்கள்.

அந்த மாணவன் கொணர்ந்த கிளையை அன்று செய்தித்தாளிடையே அழுத்தி, தடித்த தாளில் ஒட்டி வைத்தேன். அண்மையில் தாவரவியல் பேராசிரியர் ஒருவரிடம் அதைப் பெருமையோடு காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்தார். "பறித்த இடம், நாள், பூவின் நிறம், பறித்தவர் பெயர், இவற்றை எங்கே எழுதியிருக்கிறீர்கள்?" என்று கேட்டார். உலர்ந்தால் நீலம் நில்லாது. அதனால் நிறத்தை அன்றே எழுதியிருக்க வேண்டுமாம்.

பிள்ளைகளின் விடைத்தாளில் தேதி இல்லையென்றால் மதிப்பெண் குறைத்தவன் நான். தாளின் கீழே என் கையெழுத்தில் 'காயா' என்ற ஒரு சொல் மட்டுமே இருந்தது. மற்றவற்றை நினைவிலிருந்து இப்போது எழுதியிருக்கிறேன், 'நினைவிலிருந்து' என்ற குறிப்போடு. நாள் எதுவென்றுதான் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவனைத் தேடிக் கேட்க வேண்டும்.