பழைய வண்டியும் தவணைக் கணக்கும்
(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

இரவு ஷிப்டு முடிந்து ஆலை வாசலுக்கு வந்தால் பஸ் கிடையாது. நடவுக்கும் அறுப்புக்கும் பதினைந்து கிலோமீட்டர் தள்ளிப் போக வேண்டியிருக்கிறது. ஆகவே மோட்டார் சைக்கிள் நமக்கு ஆடம்பரம் அல்ல. மண்வெட்டியைப் போல அதுவும் ஒரு வேலைக் கருவி. புது வண்டி வாங்க வசதியில்லை, பழையதை வாங்குகிறோம். இதில் தவறில்லை. கணக்குப் பாராமல் வாங்குவதுதான் தவறு.

கடைக்குப் போனதும் நாம் கேட்கும் முதல் கேள்வி என்ன? "மாதம் எவ்வளவு கட்ட வேண்டும்?" கடன் கொடுப்பவர் இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருக்கிறார்!

ஒரு கணக்கைப் பார்ப்போம். வண்டி விலை 50,000 ரூபாய். கையிலிருந்து 10,000, கடன் 40,000, தவணை இரண்டு வருஷம். வட்டி 12 சதவீதம்தான் என்கிறார்கள். வருஷத்துக்கு 4,800 வீதம் வட்டி 9,600. மொத்தம் 49,600. மாதத் தவணை ஏறத்தாழ 2,067.

மேலுக்கு நியாயமாகத் தெரிகிறது. ஆனால் மாதாமாதம் நாம் அசலையும் அடைத்து வருகிறோமே! கடைசி மாதத்தில் பாக்கி இரண்டாயிரம் சொச்சம்தான். அப்போதும் 40,000-க்கே வட்டி வாங்குகிறார்கள். இதற்குத்தான் பிளாட் வட்டி என்று பெயர். குறைந்து வரும் பாக்கிக்கு மட்டும் அதே 12 சதவீதம் போட்டால் தவணை 1,883 ரூபாய்தான். இரண்டு வருஷத்தில் 4,400 ரூபாய் வித்தியாசம்! 12 என்று சொன்ன வட்டி, உண்மையில் 21 சதவீதத்துக்கும் மேல்.

ரிசர்வ் வங்கி விதிப்படி, 2024 அக்டோபர் 1 முதல் வங்கிகளும் பதிவு பெற்ற நிதிக் கம்பெனிகளும் புதிய கடனுக்கு முக்கிய விவரத் தாள் தரவேண்டும். எல்லாச் செலவும் சேர்ந்த வருஷ வட்டி, கடன் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் அதில் இருக்கவேண்டும். அதைக் கேட்டு வாங்குவோம். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட மறுப்போம்.

தவணையோடு செலவு நின்றுவிடுமா? நாளைக்கு 30 கிலோமீட்டர், மாதம் 25 நாள் ஓடினால் 750 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும், பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்தாலும் 1,500 ரூபாய். இன்சூரன்ஸ், டயர், ரிப்பேருக்கு 500 ஒதுக்கவேண்டும். ஆக மாதம் நாலாயிரத்துக்கு மேல். இப்போது கொடுக்கும் பஸ் கட்டணத்தைக் கழித்து, மீதியை வண்டி வாங்குமுன் மூன்று மாதம் எடுத்து வைத்துப் பார்ப்போம். முடிந்தால், அந்தப் பணம் கடனைக் குறைக்கும். முடியாவிட்டால், வண்டி வாங்காமலே உண்மை தெரிந்துவிடும்.

விவசாயத் தொழிலாளர்கள் அறுவடை மாதத்துக் கூலியை வைத்துக் கணக்குப் போடக்கூடாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேலை இருக்காது. தவணை மட்டும் தவறாமல் வரும்!

அடுத்தது, பத்திரங்கள். ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் வண்டியோடு பொருந்துகின்றனவா? பழைய உடைமையாளரின் கடன் பதிவு இன்னும் நிற்கிறதா? நின்றால், கடன் கொடுத்தவரின் தடையில்லாச் சான்று இல்லாமல் ஒரு காசும் கொடுக்கவேண்டாம். ஆர்.டி.ஓ. ஆபீசில் பேர் மாற்றத்தைத் தள்ளிப்போடக்கூடாது. 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் நம் பேருக்கு மாற்ற விண்ணப்பிக்கவேண்டும்.

தவணை தவறினால் குண்டர்களை ஏவி வண்டியைப் பறிப்பதை 2007-ல் சுப்ரீம் கோர்ட்டே கண்டித்திருக்கிறது. அப்படி யாராவது வந்தால், தோழர்களே, தனியாக நின்று அழவேண்டாம், சங்கத்துக்கு வாருங்கள்.

ஆலையில் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம் இருந்தால் முதலில் அங்கே விசாரியுங்கள். வண்டி பார்க்கப் போகும்போது மெக்கானிக் ஒருவரையும், கணக்குத் தெரிந்த தோழர் ஒருவரையும் கூட்டிச் செல்லுங்கள். "மாதம் எவ்வளவு?" என்று கேட்பதை விட்டு, "மொத்தம் எவ்வளவு?" என்று கேளுங்கள். வியர்வை சிந்திச் சம்பாதித்த காசு. கணக்குக் கேட்க நமக்கு உரிமை உண்டு!