கஞ்சித்தண்ணி போதாது

வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் முதல் வேலையாக என்ன செய்கிறோம்? முட்டையை நிறுத்துகிறோம். பிறகு மீன், பால், கடலை. "சத்தா குடுத்தா கட்டியும் சேர்ந்து வளரும்" என்று யாரோ ஒரு அத்தை சொல்லிவிடுவார். அன்றிலிருந்து கஞ்சித்தண்ணியும் ரசஞ்சோறும்தான். ஆபரேஷனுக்குத் தேதி கிடைப்பதற்குள் சட்டை தொளதொளவென்று ஆகிவிடுகிறது, வேட்டி இடுப்பில் நிற்பதில்லை.

கட்டி பட்டினி கிடக்காது, ஐயா! நாம் கொடுக்காவிட்டால் உடம்பின் தசையைக் கரைத்துத் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். பட்டினி நோயாளிக்குத்தான்.

1936-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஹைரம் ஸ்டட்லி என்ற அறுவை மருத்துவர் ஒரு கணக்கெடுத்தார். புற்றுநோய்கூட இல்லை, குடற்புண் ஆபரேஷன். முன்னதாகவே எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்திருந்தவர்களில் நூற்றுக்கு 33 பேர் இறந்திருந்தார்கள். அவ்வளவு இளைக்காதவர்களில் நூற்றுக்கு 4 பேர்கூட இல்லை.

ஏன் இந்த வித்தியாசம்? தசைதான் உடம்பின் குதிர். ஆபரேஷன் ஆனதும் காயம் ஆறவும், கிருமியோடு மல்லுக்கட்டும் வெள்ளணுக்களுக்குத் தீனி போடவும் அங்கிருந்துதான் புரதம் இறங்குகிறது. குளூட்டமின், ஆர்ஜினின் என்ற அமினோ அமிலங்கள் குறைந்தால் வெள்ளணுக்கள் சோர்ந்துவிடும். அப்போதுதான் தையல் சீழ் பிடிக்கிறது, நெஞ்சில் சளி கட்டி நிமோனியா வருகிறது.

சரி, எவ்வளவு வேண்டும்? ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு ஒன்றரை கிராம் புரதம் என்கிறார்கள். 50 கிலோ ஆளுக்கு 75 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு தம்ளர் பாலில் ஏறக்குறைய அதே அளவு. கஞ்சித்தண்ணியில் 2 கிராம் தேறினால் அதிகம். சுண்டல், வேர்க்கடலை, கெட்டிப் பருப்பு, மீன் எல்லாம் சேர்ந்தால்தான் கணக்கு நேராகும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆர்ஜினின், மீன் எண்ணெய்ச் சத்து சேர்த்த மாவு டப்பாக்களும் உண்டு. பெரிய வயிற்று ஆபரேஷனுக்கு முன் ஐந்தாறு நாள் கொடுத்தால் தொற்று குறைவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. எல்லாருக்கும் பலிக்கும் என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள், விலையும் அதிகம். முட்டையை நிறுத்திவிட்டு டப்பாவுக்குக் கடன் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

உணவுக்குழாயில் கட்டி இருந்தால் இட்லி இறங்காது. மூக்கு வழியாக டியூப் போடலாம் என்பார்கள். உடனே வீட்டில் அழுகை, "டியூப் போட்டாச்சுன்னா அவ்வளவுதானே!" என்று. தாய்மார்களே, அது ஆபரேஷன் வரைக்கும் சாப்பாடு போக ஒரு வழி, அவ்வளவுதான்.

இன்னொன்று. ஆறு மாதத்தில் எத்தனை கிலோ குறைந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். டயட்டீஷியனைப் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். மிகவும் இளைத்தவர்களுக்கு 7 முதல் 14 நாள் வரை ஊட்டம் கொடுத்த பிறகே பெரிய ஆபரேஷன் செய்யலாம், அதற்காகத் தேதி தள்ளினாலும் சரி என்று ஐரோப்பிய ஊட்டச்சத்து வல்லுநர்களின் வழிகாட்டு நெறியே இருக்கிறது. அப்படித் தேதி தள்ளிப்போனால் "கைவிட்டுட்டாங்க" என்று ஊருக்குக் கிளம்பிவிடாதீர்கள். அந்த ஒன்றிரண்டு வாரமும் வைத்தியம்தான் நடக்கிறது.